ராக்கெட் ஏறிய மாமியார்

என் சித்திக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் கையில் இருப்பதை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். டம்ளர் இருந்தால் டம்ளர், சீப்பு இருந்தால் சீப்பு. ஒன்றுமே இல்லையென்றால் எதிரில் நிற்பவரின் தோள். பிறகு சொல்ல வந்ததை இரண்டு முறை சொல்வாள்.

"பால் பொங்குது. பால் பொங்குது."

அதற்குள் அம்மா அடுப்பை அணைத்திருப்பாள். "ஒரு தடவை சொன்னா எங்களுக்கு ஏறாதாடி? நாங்க என்ன பொட்டி படுக்கையோட பஸ்ஸுக்கா நிக்கிறோம்?"

சின்ன வயதில் எல்லா வீட்டுச் சித்திகளும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளித் தோழி ஒருத்தியின் சித்தி ஒரே தடவை "வா" என்று கூப்பிட்டபோது, ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சித்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நிலையத்தின் நடுவில், கழிப்பறைக்கும் பழக்கடைக்கும் இடையே, ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் போட்டால் நிறைந்துவிடும் அறை. உள்ளே மைக். மைக்கை இரண்டு தட்டுத் தட்டி உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டைம் கீப்பர் அனுப்பும் துண்டுச் சீட்டில் இருப்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சீட்டில் இல்லாத வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஒரு முறை, காணாமல் போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பில் "அழாத கண்ணா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டாள். அந்த இரண்டு சொல்லும் எந்தச் சுற்றறிக்கையில் இருக்கின்றன என்று மேலிடம் விளக்கம் கேட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் பேரம் பேச வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முன்பு இரண்டு இடத்தில் பேச்சு நடந்தது. இரண்டு தடவையும் அவர்கள்தான் வந்து பார்த்தார்கள், அவர்கள்தான் யோசித்தார்கள், அவர்கள்தான் பதில் சொல்லி அனுப்பினார்கள். சித்தியை யாரும் எதுவும் கேட்கவில்லை. இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. நாற்பது தாண்டிய பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று.

அப்போதுதான் பல்செட்காரர் வந்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கட்டடத்தின் மாடியில் அவருக்கு ஒரு பட்டறை. பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் அதைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பார். ஜன்னலோரம் நீள மேஜை. அதன்மேல் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மேல் செட்டும் ஒரு கீழ் செட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரே நிலையத்தின் ஒலிபெருக்கி. காது கிழிகிறது என்று மற்ற மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்தி வைப்பார்கள். இவர் சாத்தமாட்டார். ஒரு நாள் சித்திக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் அனுப்பி வைத்தார். அனுப்பியவர் யார் என்று தெரிய சித்திக்குச் சில மாதம் ஆயிற்று. தெரிந்த பிறகு அவள் ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எங்கள் அப்பாவுக்குப் பல் கட்ட வேண்டி வந்தது. பல்செட்காரர் தானே வீட்டுக்கு வந்து அச்சு எடுப்பதாகச் சொன்னபோதே அம்மா புருவத்தைத் தூக்கினாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, தட்டில் வைத்து வாய்க்குள் திணித்து, "அசையாதீங்க சார்" என்றார். மாவு இறுகும் வரை பேச முடியாது. நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"சார், உங்க மச்சினியை நான் கட்டிக்கலாம்னு நெனைக்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

"ம்ம்ம்! ம்ம்!" என்றார் அப்பா, கண்கள் பிதுங்க.

"ரொம்ப சந்தோஷம் சார்."

மாவை எடுத்த பிறகு அப்பா வாயைத் துடைத்துக்கொண்டே, "யோவ், அது சரின்னு சொன்ன சத்தம் இல்லய்யா. மாவு தொண்டைக்குள்ள எறங்குதுன்னு சொன்னேன்" என்றார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள், பின்னால் டம்ளரோடு சித்தியும். "பல்லில்லாதவர்கிட்ட என்ன கேள்வி? கேக்க வேண்டியது அவளைத்தானே. அவ என்ன பொம்மையா?"

பல்செட்காரர் எழுந்து நின்று, கையில் அப்பாவின் பல் அச்சோடு, சித்தியைப் பார்த்துக் கேட்டார். "மேடம், நீங்க என்ன சொல்றீங்க?"

சித்தியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது? நல்ல புடவை ஒன்றைக் கடையில் கையில் எடுத்தவர்கள் உடனே கீழே வைக்க மாட்டார்களே, அப்படி இருந்தது. அவள் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"படம் முடியட்டும், சொல்றேன். படம் முடியட்டும், சொல்றேன்."

பல்செட்காரர் தலையைச் சொறிந்தார். "மேடம், ஒரே ஒரு விஷயம். வேற ஊர்ல பெரிய பட்டறை ஒண்ணுல கூப்பிட்டிருக்காங்க. வரேனா இல்லையான்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். இங்க எனக்கு ஆள்னு யாருமில்ல. நீங்க வேணாம்னா நான் கிளம்பிடுவேன்."

"படம் ஞாயித்துக்கிழமைதானே?" என்றாள் சித்தி.

எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருந்த பழைய தியேட்டர் ஒன்றை இடித்துக் கார் ஷோரூம் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த ஆப்பரேட்டர், யாரும் கேட்பாரில்லாமல் கிடந்த இரண்டு அந்நிய நாட்டுப் படங்களின் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். ஒன்று ராக்கெட் படம். மற்றொன்று ஆவிப் படம். இரண்டும் நம் அப்பாக்கள் பிறக்கும் முன் எடுக்கப்பட்டவை. "வீட்டுல ஒண்ணு அந்தப் பேய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டாளாம். ஆகவே போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் ஞாயிறு மதியம் எல்லோருக்கும் இலவசமாகப் போட்டுக் காட்டுவது என்று ஆப்பரேட்டரும் அவருடைய கூட்டாளி பல்செட்காரரும் முடிவெடுத்தார்கள். பஸ் நிலையச் சுவரெல்லாம் கையால் எழுதி ஒட்டினார்கள்: 'விண்வெளி! ஆவி! அடுத்தடுத்து இரண்டு படங்கள்! பலவீனமான இதயம் உள்ளவர்கள் துணையோடு வரவும்!'

ஒரு சிக்கல். புரொஜெக்டரில் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அது யாருக்கும் தெரியாத மொழி. "யாராவது மைக்ல நின்னு பேசிட்டா போதும்" என்றார் ஆப்பரேட்டர். பல்செட்காரர் தன் பட்டறை ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினார். இப்படித்தான் சித்தி உள்ளே வந்தாள்.

வசனம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். வரலாறு படித்தேன். ஆனால் டிகிரி என்பது எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று என் வீட்டில் நம்புகிறார்கள். மின்சார பில்லில் குழப்பமா, என்னிடம் வரும். மாத்திரைச் சீட்டா, என்னிடம் வரும். "நீ படிச்சவதானே, அந்த வெள்ளைக்காரன் வாயசைக்கிறதப் பாத்து என்ன பேசுறான்னு எழுதிக் குடு" என்றாள் அம்மா. தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. ஆப்பரேட்டர் இரண்டு படங்களையும் கூடத்தில் ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். நான் குத்துமதிப்பாக, ஆனால் மிகவும் இலக்கணச் சுத்தமாக, முதலில் ராக்கெட் படத்துக்கும் அடுத்து ஆவிப் படத்துக்கும் வசனம் எழுதினேன். சித்தி வீட்டில் உட்கார்ந்து படித்துப் பழகினாள்.

ஓட்டிக் காட்டிய பிறகு சுருள்களைத் துடைக்கிறேன் என்று பல்செட்காரர் தன் பட்டறைக்கு எடுத்துப்போனார். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, துருப்பிடித்த டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பெட்டிகளில் அடுக்கி எண் போட்டுக் கொண்டுவந்தார். ஆப்பரேட்டர் பெட்டிகளைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில பொறந்த புள்ள மாதிரி இருக்குய்யா" என்று மெச்சினார். அதற்கு மேல் யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. டிரைவர்கள், கண்டக்டர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், பழக்கடைக்காரர், நிலையத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்து சும்மா உள்ளே நுழைந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில். அப்பாவின் வாயில் அன்றைக்குக் காலையில்தான் ஏறிய புதுப் பல்செட். யாரைப் பார்த்தாலும் தேவைக்கு அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு மேஜை, மைக், சித்தி. பக்கத்தில் டார்ச்சோடு நான், பக்கம் திருப்ப. பின்னால் புரொஜெக்டர் அருகே ஆப்பரேட்டரும் பல்செட்காரரும்.

விளக்கு அணைந்தது. ராக்கெட் தெரிந்தது. சித்தி வாசித்தாள். நான் எழுதிய தமிழ் பேருந்து நிலையக் குரலில் கணீரென்று வந்தது. "வீரர்களே, மானுட குலத்தின் மாபெரும் பயணம் இதோ தொடங்குகிறது." ராக்கெட் புகை கக்கியபோது கூட்டத்தில் ஒரு கண்டக்டர் விசில் ஊதி, "ரைட், ரைட்! போலாம்!" என்று கத்தினார். கூடம் அதிர்ந்தது. ராக்கெட் வானத்தில் போய்க்கொண்டேயிருந்தது. கேப்டன் நெற்றியைத் துடைத்தார். ஒரு தகர மனிதன் மூலையில் நின்றான். முதல் சுருள் முடிந்தது. ஆப்பரேட்டர் அடுத்ததை மாட்டினார்.

சித்தி அடுத்த பக்கத்தை வாசித்தாள். "கேப்டன்! பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது! அனைவரும் தலைக்கவசம் அணியுங்கள்!"

திரையில் ஒரு பெரிய வீடு. வட்ட மேஜை. நரைத்த தலை அம்மாள் ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் உட்கார்ந்தவர்கள் கையோடு கை கோத்துக் கண்ணை மூடினார்கள்.

"காத்து பத்தலைங்கிறாங்க, அப்புறம் எதுக்கும்மா மெழுகுவத்தி ஏத்துறாங்க?" என்றது இருட்டில் ஒரு குரல்.

நான் பக்கங்களைப் புரட்டினேன். முன்னால், பின்னால். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: நான் எழுதியது தப்பாகிவிட்டது, எல்லோரும் என்னைத்தான் பார்க்கப்போகிறார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சித்தி என் தாள்களை எடுத்து, அடுக்கி, மேஜைக்குக் கீழே வைத்தாள். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பயணிகள் கவனத்திற்கு. பயணிகள் கவனத்திற்கு. ராக்கெட் சற்றுத் தாமதமாக வந்து சேரும். அதுவரைக்கும் கேப்டன் வீட்டுல என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வருவோம்."

கூடம் முழுவதும் வெடித்துச் சிரித்தது.

சீட்டில் இல்லாத வார்த்தைகள். இருபது வருடமாக உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. மேஜையில் உட்கார்ந்திருக்கும் அந்த அழகான பெண்தான் கேப்டனின் மனைவியாம். ராக்கெட் ஏறிப் போன மனுஷன் ஒரு தகவலும் அனுப்பவில்லையாம். அதனால் செத்துப்போன தன் அம்மாவின் ஆவியைக் கூப்பிட்டு விசாரிக்கிறாளாம். "அம்மா, அவரு வேளாவேளைக்குச் சாப்பிடுறாரா?" மேஜை ஆடியது. "மேஜை ஆடுது. அப்படின்னா இல்லையாம்." மறுபடி ஆடியது. "நேர்ல போய்ப் பாத்துட்டு வரேங்குது. யாரு தடுக்க முடியும்? மாமியாராச்சே!"

சுருள் மாற்ற விளக்கைப் போட்டார்கள். நான் பின்னால் ஓடினேன். ஆப்பரேட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் நம்பர் பெட்டியில ரெண்டு சுருள் இருந்துச்சு. ரெண்டையும் ஓட்டினேன். யோவ், எப்படிய்யா அடுக்கின?"

பல்செட்காரரின் முகம் பிளாஸ்டர் மாதிரி வெளுத்திருந்தது. "ஜோடி ஜோடியாத்தான். ராக்கெட் ஒண்ணு மேல, ஆவி ஒண்ணு கீழ. ராக்கெட் ரெண்டு மேல, ஆவி ரெண்டு கீழ. ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி, மேல் செட், கீழ் செட். எப்பவும் அப்படித்தானே வைப்பேன்... பிரிச்சு வச்சா கலந்துடுமேன்னு..."

"சினிமாவுக்கு ஏதுய்யா கீழ்ப்பல்லு! இப்ப ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்ச நேரம் குடுங்க, பிரிச்சு அடுக்கிடறேன்."

"பிரிக்காதீங்க!" என்று யாரோ கத்தினார். "அப்படியே போடுங்க! மாமியார் ராக்கெட்டுக்குப் போய்ச் சேந்தாங்களா இல்லையா?"

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி கறுப்புத் துணி போட்ட ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மைக்கைப் பார்த்தாள். அவள் கன்னம் சிவந்திருந்தது. "அண்ணே, அப்படியே போடுங்க" என்றாள் ஆப்பரேட்டரிடம். ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அன்று கண்ணால் பார்த்தேன். ராக்கெட்டில் தகர மனிதனின் நெற்றி விளக்கு மின்னத் தொடங்கியது. "மாமியார் வந்தாச்சு! ராக்கெட்டுல எல்லா சீட்டும் ஃபுல். டின்னுக்குள்ளதான் எடம் இருக்கு, அதுக்குள்ள ஏறிட்டாங்க." தகர மனிதன் கையை ஆட்டியபடி கேப்டனை நோக்கி நடந்தான். சித்தி அதற்கு அப்படியே என் அம்மாவின் குரலைக் கொடுத்தாள். "ஏன் மாப்ள, காதை மூடிக்கிட்டுத் தூங்கினா என்ன? அது என்ன பாத்திரம், கழுவாம அப்படியே கெடக்கு? சந்திரனுக்குப் போனா ஈரத் துண்டைக் கட்டில் மேல போடலாமா?"

"அது நான்! என்னைத்தான் சொல்றா!" அம்மா முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள். "உக்காருடி, மறைக்குது" என்று அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். சிரித்துச் சிரித்துப் பழக்கடைக்காரர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். மேஜையைத் தட்டினால் விளக்கு மின்னியது. விளக்கு மின்னினால் மேஜை ஆடியது. இரண்டு படங்களையும் எடுத்தவர்கள் இதற்காகவே எடுத்தது போல, எதுவும் இடிக்கவில்லை. நானும் சிரித்தேன். நடுவில், நான் எழுதிய வசனங்களில் ஒரு இடத்திலாவது யாராவது சிரித்திருப்பார்களா என்று யோசித்தேன். இல்லை என்று தோன்றியது. அதற்கும் சிரித்தேன்.

ஆவிச் சுருள்களில் மட்டும் ஒரு ஆள் இருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. எல்லாச் சுருளிலும் சுவரோரம் நின்றுகொண்டு, மெழுகுவத்தி ஏற்ற உதவும் இளைய பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணைக் கேப்டன் மனைவியின் தங்கை என்று சித்தி சொல்லியிருந்தாள். அந்த ஆளுக்கு மட்டும் அவள் ஒரு வசனமும் கொடுக்கவில்லை.

"கறுப்புக் கோட்டு யாருக்கா?" என்று கத்தினார்கள்.

"எதிர் மாடிக்காரரு. அப்புறம் சொல்றேன்."

"அவரும் ஆவியா?"

"இன்னும் இல்ல. இப்படியே நின்னுக்கிட்டிருந்தா ஆயிடுவாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பின்னால் திரும்பினேன். புரொஜெக்டர் வெளிச்சத்தின் ஓரத்தில் பல்செட்காரர், காலிப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. விடிந்தால் திங்கள்கிழமை.

கடைசிப் பெட்டி. ராக்கெட் பத்திரமாகத் தரை இறங்கியது. "பயணிகள் தங்கள் உடைமைகளையும் மாமியாரையும் மறக்காமல் எடுத்துச் செல்லவும்." கைதட்டல். பிறகு ஆவிப் படத்தின் கடைசிச் சுருள். வீட்டு வாசலில் அந்தத் தங்கை நிற்கிறாள். கறுப்புக் கோட்டுக்காரர் படியேறி வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். வாயைத் திறக்கிறார்.

சித்தி பேசவில்லை.

திரையில் உதடு அசைந்தது. மைக்கில் சத்தமில்லை. "மைக் போச்சா?" என்றார் யாரோ. சித்தி மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள்.

"இத்தனை பேருக்கும் நான் பேசிட்டேன். இவருக்கு நான் பேச மாட்டேன். பின்னால பெட்டியோட நிக்கிறாரே, அவரு பேசட்டும்."

மைக் கை மாறிக் கை மாறிப் பின்னால் போனது. கண்டக்டர்கள் கூட்டமான பஸ்ஸில் சில்லறை கடத்துகிற மாதிரிக் கடத்தினார்கள். ஆப்பரேட்டர் சமயோசிதமாகச் சுருளின் வேகத்தைக் குறைத்தார். திரையில் கறுப்புக் கோட்டுக்காரர் தேனில் விழுந்த ஈ மாதிரி மெல்ல மெல்ல வாயசைத்துக்கொண்டிருந்தார். பல்செட்காரர் மைக்கை வாங்கினார். மூச்சு மட்டும் கேட்டது.

"மேடம்... வந்து... மேடம்..." மென்று முழுங்கினார். "திங்கக்கிழமைக்குள்ள..."

முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். புதுப் பல் போட்ட பிறகு அவர் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"யோவ்! இப்ப உன் வாயில மாவா இருக்கு? தெளிவாக் கேளுய்யா!"

கூடம் ஆரவாரித்தது. சத்தம் அடங்கியதும் பல்செட்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் ஜன்னலைச் சாத்தினதே இல்ல மேடம். மழை அடிச்சப்பக்கூட. உங்க குரல் கேக்காத ஊர்ல எனக்குப் பல்லு நேரா உக்காராது. நீங்க வேணாம்னாலும் பரவால்ல. ஆனா உங்க வாயால சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் நான் எடுத்துக்க மாட்டேன்."

இப்போது கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. திரையில் அந்தப் பெண் ஒரு படி இறங்கினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைப் பிரித்தாள்.

படக்கென்று சுருள் அறுந்தது. திரை முழுவதும் வெள்ளை. புரொஜெக்டரில் அறுந்த முனை தப், தப், தப் என்று அடித்துக்கொண்டது.

"ஐயோ!" என்று நூறு தொண்டையிலிருந்து ஒரே குரல். "என்ன சொன்னா? அக்கா, என்ன சொன்னா?"

"யாரும் எந்திரிக்காதீங்க!" ஆப்பரேட்டர் துள்ளினார். "கடைசியில ரெண்டு முழம்தான் அறுந்திருக்கு. ஒட்டிப் போட்டுடறேன். அந்தப் பொண்ணு பதில் சொல்லிடும், படம் முடிஞ்சிடும்."

"வேணாண்ணே" என்றாள் சித்தி. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "அந்தத் துண்டை இப்படிக் குடுங்க."

ஆப்பரேட்டர் விழித்தார். துண்டு முன்னால் வந்தது. சித்தி அதைச் சுருட்டிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பல்செட்காரர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேஜை வரைக்கும் வந்துவிட்டார். "மேடம், படம் முடிஞ்சதும் சொல்றேன்னீங்களே."

"படம்தான் முடியலையே."

"அப்ப நான் திங்கக்கிழமை அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"படம் முடியற வரைக்கும் நீங்க இங்க இருக்க வேணாமா?" என்றாள் சித்தி. "பாதியில எந்திரிச்சுப் போறவங்களை எனக்குப் பிடிக்காது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட்டத்துக்கு அவருக்கு முன்பே புரிந்துவிட்டது. விசில் பறந்தது. "அடிப்பாவி" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சிரித்ததால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

பல்செட்காரர் வெளியூருக்குப் போகவில்லை. அடுத்த சில மாதங்களில் பதிவு அலுவலகத்தில் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார். சித்தி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வாயைத் திறக்கவில்லை. அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. பல்செட்காரருக்குப் போதவில்லை.

இப்போது அவர் எனக்குச் சித்தப்பா. வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் முறையிடுவார். "நீயே நியாயம் சொல்லும்மா, படிச்ச பொண்ணு. கையெழுத்துப் போட்டா. சோறு போடுறா. மாத்திரை எடுத்துக் குடுக்கிறா. ஆனா சரின்னு ஒரு வார்த்தை இன்னும் சொல்லல. அன்னைக்குக் கேட்டது அப்படியே பாக்கி நிக்குது."

"சொல்லிடேன் சித்தி, பாவம்" என்றேன் ஒரு நாள், அவர் இல்லாதபோது.

"என்னடி அவசரம்? முன்னல்லாம் எல்லாரும் பதிலை எடுத்துக்கிட்டுத்தான் வருவாங்க. கேள்வியை எடுத்துக்கிட்டு வந்தவரு இவரு ஒருத்தர்தான். கொஞ்ச நாள் வச்சுக்கறேனே."

யார் எது கேட்டாலும் உடனே விடை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும் என்றுதான் எனக்குப் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கேள்வியை நகை மாதிரிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது பாடத்தில் இல்லை. அது சரியா, தப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை. சித்தப்பாவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் இப்போது அவள் முகமும் தெரிந்துவிட்டது. கண்டக்டர்கள் டிக்கெட் பையோடு அறை வாசலில் எட்டிப் பார்த்து, "அக்கா, அந்தப் பொண்ணு என்னதான் சொன்னா? என் வீட்டுக்காரி தெனமும் கேட்டு உசிரை வாங்குறா" என்கிறார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான்: படம் முடியவில்லை. அறுந்த துண்டு பீரோவில், அவள் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. சாவி கதவிலேயே தொங்குகிறது. உடைந்ததை ஒட்டுவதுதான் சித்தப்பாவின் தொழில். பசை வாசனை அவர் கையை விட்டுப் போவதேயில்லை. ஆனாலும் அவர் அந்த பீரோவைத் திறந்ததில்லை. சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி வந்து, அறிவிப்பு அறையின் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னைக்காவது?" என்று கேட்கிறார்.

"இன்னைக்கு இல்ல" என்கிறாள் சித்தி, நாளைக்கும் அவர் வர வேண்டுமே என்பது போல.